கம்பிப் பதம்

தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. எங்கள் தாமானின் கடைசி வரிசை மாமா வாசலில் நின்று கூப்பிட்டார். சொந்த மாமா இல்லை, அக்கம்பக்கத்து மாமா. "பாப்பா, நீ இஞ்சினியருக்குத்தானே படிச்ச? இந்த லைட்டு நடுவுல இருந்து வெளிய ஓடணும். மயிலு தோகை விரிக்கிற மாதிரி. முடியுமா?"

போய்ப் பார்த்தேன். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கார் நிற்கும் இடம் முழுக்கக் காவடியைப் பரப்பியிருந்தார். அலுமினியச் சட்டம், பொலிஸ்டைரினில் செதுக்கிய மயில்கள், ஒரு வாளி நிறைய ரிவெட். சட்டத்துக்கான அலுமினியம் ஜூருவில் ஒரு பெசி பூரோக் கடையில் கிலோ கணக்கில் வாங்கியது. ஏதோ ஒரு தொழிற்சாலையில் கன்வேயருக்குத் தாங்கியாக இருந்து கழிக்கப்பட்டது என்பது அதன் பள்ளங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மாமா முப்பது வருடம் பிறையில் மெய்ண்டனன்ஸ் டெக்னீசியனாக இருந்தவர். எடை முழுக்கத் தோளில் இறங்காமல் இடுப்பு வளையத்துக்குப் போகிறபடி அவர் வைத்திருந்த சாய்வுக் கம்பிகளைப் பார்த்தபோது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு நான் தடுமாறி எழுதிய ஒரு தேர்வுத்தாள் ஞாபகம் வந்தது. அவர் எந்தத் தாளிலும் கணக்குப் போடவில்லை. மகனைச் சட்டத்துக்குள் நிற்க வைத்து, ஆடச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு வைத்திருந்தார்.

அதே வாரம் ஜார்ஜ்டவுனில் ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். தொழில் நகரமும் படைப்பூக்கமும் என்கிற மாதிரி தலைப்பு. பேசியவர்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "இந்த ஊரு அம்பது வருசமா மத்தவன் பொருளைப் பொருத்திக் குடுக்குது. சொந்தமா ஒண்ணும் படைக்கல." கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிவிட்டு இரண்டாவது பாலம் வழியாகத் திரும்பும்போதுதான் உறுத்தியது. 24 கிலோமீட்டர் பாலம் அது. உறுத்துவதற்கு நிறைய நேரம் கொடுக்கும். என் அம்மா அந்த ஐம்பது வருடத்தில் இருபத்திரண்டு வருடம் பொருத்திக் கொடுத்தவர். அவர் ஒன்றும் படைக்கவில்லையா?

இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வரலாறு படித்தவள் இல்லை. இயந்திரம் ஏன் நின்றது என்று தேடுகிற வேலையில் இருப்பவள். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் தேடிப் பார்த்தேன்.

நான் படித்தது நிபோங் தெபாலில் இருக்கும் யூ.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில். 2001ல் பேராக், துரோனோவிலிருந்து இங்கே மாறி வந்தது. சுற்றிலும் செம்பனை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்கள் டிரான்ஸ்கிரியான், பைராம், கலிடோனியா, விக்டோரியா. நாலு வருடம் அந்தப் பெயர்களைக் கடந்து போனேன். ஒரு காலத்தில் அங்கே ஓடியது ஆலை என்று எந்த விரிவுரையாளரும் சொன்னதில்லை. பொறியியல் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு இருக்க முடியாது.

செபராங் பிறையில் முதலில் கரும்பு போட்டவர்கள் தியோச்சூ சீனர்கள். பத்து காவானும் அவர்கள் கரும்பு விளைந்த இடம்தான். மாடு சுற்றி இழுக்கும் செக்கில் சாறு பிழிந்தார்கள். 1840களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு நீராவி இயந்திரமும் இரும்பு உருளைகளும் வந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் வந்தார்கள். இந்த ஒப்பந்த முறை 1910ல்தான் நிறுத்தப்பட்டது. ஆக, மலாயாவில் ரப்பருக்கு முன்பே, தமிழன் கால் வைத்த இடம் ஒரு தொழிற்சாலை. பால்மரத்திலிருந்தே நம் கதையைத் தொடங்கிப் பழகிவிட்டோம். தொடக்கம் கொதிகலனில் இருக்கிறது.

பின்னாளில் பல தோட்டங்கள் சர் ஜான் ராம்ஸ்டன் குடும்பத்தின் பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் நிறுவனத்துக்குக் கீழே வந்தன. இந்த ராம்ஸ்டன்தான் இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்கிற நெசவு நகரத்தின் பெரும்பகுதி நிலத்துக்கும் சொந்தக்காரர். 1920ல் அந்த ஊர் நகராட்சி ராம்ஸ்டன் குடும்பத்திடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கியது. தன்னைத்தானே வாங்கிய ஊர் என்று இன்றும் அதைச் சொல்வார்கள். கலிடோனியா தன்னை வாங்கவில்லை. 1910களில் சர்க்கரை நின்று ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. நிபோங் தெபாலில் 99 கதவு பங்களா என்று பேய்க்கதைக்காக யூடியூப்காரர்கள் போய் எடுக்கிறார்களே, அதுதான் அந்தக் குடும்பத்து வீடு.

செபராங் பிறையில் தோட்டம் நடத்திய லியோனார்ட் ரே என்பவர் 1848ல் கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். அக்காலத்துச் சர்க்கரை ஆலையின் வேலைமுறை எனக்குச் சுவாரசியமாக இருந்தது. சாற்றைச் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைப்பார்கள். பிறகு வரிசையாக இருக்கும் கொப்பரைகளில் பெரியதிலிருந்து சிறியதுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சுவார்கள். கடைசிக் கொப்பரையிலிருந்து எப்போது இறக்குவது என்பதுதான் உயிர்நாடி. ஒரு நிமிடம் முந்தினால் சர்க்கரை மணி பிடிக்காது, பிந்தினால் கருகும். நீராவி இயந்திரம் எத்தனை குதிரைச் சக்தி ஆனாலும் அந்த முடிவை எடுத்தது ஒரு மனிதனின் இரண்டு விரல். பாகைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து இழுத்துப் பார்ப்பான். எவ்வளவு நீளத்துக்கு இழை அறாமல் வருகிறது, அறுந்தபின் எப்படிச் சுருள்கிறது என்பதுதான் அளவுகோல்.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். பாட்டி தீபாவளிக்கு லட்டுப் பாகு காய்ச்சும்போது செய்வது இதேதான். ஒத்தக் கம்பியா, ரெட்டைக் கம்பியா என்பார். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து கற்றுக்கொண்ட நுட்பம் என்று வெள்ளைக்காரன் நினைத்திருப்பான். கப்பலில் இருந்து இறங்கிய பெண்களுக்கு அது அடுப்படி விஷயம்.

இதைச் சொல்லிவிட்டுக் கரும்புத் தோட்டத்தைச் சமையலறையாக ஆக்கிவிடக் கூடாது. அங்கே காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பிரம்படியும் இருந்தன. கொதிக்கும் பாகு மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த ஆலையில் இருந்த மிக நுட்பமான அளவுகருவி ஒரு கூலியின் விரல். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அந்த விரலுக்குத் தனி வரி கிடையாது.

ஈயத்தையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். பேராக்கில் தோண்டிய ஈயம் உருக வந்தது பினாங்குக்கு. 1897ல் டத்தோ கிராமாட்டில் ஓர் உருக்காலை தொடங்கியது. அதுதான் பிறகு ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங். 1902ல் பட்டர்வொர்த்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் இன்னொன்றைத் திறந்தது. பழைய மின்னணுச் சாதனங்களில் பற்றவைக்கப் பயன்பட்ட கம்பியில் நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். சிப்பு வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அதை ஒட்டும் உலோகம் இந்த ஊரில் உருகிக்கொண்டிருந்தது. தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

1969ல் ஜார்ஜ்டவுன் தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாதவர்கள் சுமார் 15 விழுக்காடு. அந்த வருடம் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ அதே ஆண்டின் கடைசியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கினார். 1972ல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. முதலில் வந்த நிறுவனங்களை 'எட்டு சாமுராய்' என்பார்கள்: நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., எச்.பி., பொஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ். இன்டெல் வந்து இறங்கியது ஐந்து ஏக்கர் நெல்வயலில். அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை அது. இந்தக் கதையை மாநில அரசின் எல்லாக் கண்காட்சிகளிலும் பார்க்கலாம். அதனால் இத்தோடு விடுகிறேன்.

கண்காட்சியில் படத்தில் மட்டும் இருப்பவர்கள் அந்தப் பெண்கள். தலையில் தொப்பி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்த முகம். பெரும்பாலோர் கெடா, பெர்லிஸ் கம்போங்குகளிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள். செபராங் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்களும் உண்டு. ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் 'மீனா காரான்'. காரான் என்றால் கரண்ட். கேலிப்பெயர்தான், அதில் ஒழுக்கத்தைப் பற்றிய குத்தலும் உண்டு. பாத்திமா டாவுட் 1985ல் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஆய்வு நூல் எழுதினார். தோட்டத்தில் 'கரண்டு பொண்ணு' என்று கூப்பிட்டார்கள் என்று அம்மா சொல்வார். மின்னணுத் தொழிலாளர்களுக்கு அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டுமான சங்கம் வைக்கவே 1988ல்தான் அனுமதி கிடைத்தது.

அம்மா 1986ல் சேர்ந்தார். வயது பதினெட்டு. பாலம் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதிகாலை நாலரைக்குத் தோட்டத்து முச்சந்தியில் பெக்டரி பஸ் வரும். பாட்டி பால்மரம் சீவப் போகும் நேரமும் அதுதான். இரண்டு பேரும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் கிளம்பி, ஒருவர் காட்டுக்கும் ஒருவர் ஏர்கோனுக்கும் போவார்களாம்.

அவருக்குக் கொடுத்த வேலை கம்பி இணைப்பு. சிப்பின் ஓரத்தில் உள்ள சின்னத் திட்டிலிருந்து வெளிச்சட்டத்தின் காலுக்கு ஒரு தங்கக் கம்பியைக் கொண்டுபோக வேண்டும். கம்பியின் தடிப்பு ஏறக்குறைய 25 மைக்ரோன். தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதே தானியங்கி இயந்திரங்கள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அம்மாவின் வரிசையில் சில பொருள்களுக்குக் கையால்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கைப்பிடியை நகர்த்தி, காலால் மிதியை அழுத்தி, ஒவ்வொரு கம்பியாக.

நான் இந்தத் துறைக்கு வந்த பிறகு ஒரு நாள் கேட்டேன், "அம்மா, லூப் ஹைட் எப்படிப் பார்ப்பீங்க?" அந்த வார்த்தை அவருக்குத் தெரியவில்லை. நான் கையால் வளைத்துக் காட்டியதும் புரிந்தது.

"ஓ, அதுவா. பாகு இழுக்கிற மாதிரிதான். இழுத்தவுடனே விட்டுடக் கூடாது. மேல தூக்கி, கொஞ்சம் பின்னால வந்து, அப்புறம் கீழ இறங்கணும். தாழ்ந்துச்சுன்னா சிப்பு ஓரத்துல பட்டுடும். ரொம்ப உயர்ந்துச்சுன்னா பிளாஸ்டிக் ஊத்துறப்ப சாஞ்சிடும்."

தாழ்ந்தால் ஷார்ட், உயர்ந்தால் மோல்டிங்கில் கம்பி சாய்வது. நான் பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமாகப் படித்தது. 'கொஞ்சம் பின்னால வந்து' என்றாரே, இன்றைய இயந்திரத்தின் மென்பொருளிலும் அந்த அசைவு இருக்கிறது. அதற்கென்று ஒரு தனி எண் கொடுத்திருக்கிறார்கள். அது முதலில் யாரோ ஒரு பெண்ணின் மணிக்கட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கண் பார்வை மங்கியதும் அவரைக் கடைசிப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேதான் நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தது. கால் வளைத்து முடிந்த சிப்புகளை நீளமான குழாய்களில் அடுக்க வேண்டும். குழாயின் வாயில் சிப்பின் கால் தட்டினால் வளைந்துவிடும், வளைந்தால் கழிவு. கழிவுக்கு ஆளுக்கு ஆள் கணக்கு. அம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோனார். தாத்தாவின் நெஞ்சு எக்ஸ்ரே. அதில் ஒரு துண்டு வெட்டி, மடித்து, மேசைக்கும் குழாய்க்கும் நடுவில் சறுக்குமரம் மாதிரி வைத்தார். எத்தனை சாய்வு என்று பல நாள் வைத்து வைத்துப் பார்த்தாராம். ரொம்பச் சரித்தால் வேகமாகப் போய் முட்டும், சரிக்காவிட்டால் நடுவில் நிற்கும். கடைசியில் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த உயரம் சரியாக வந்தது. அவர் வரிசையில் கால் வளைவது நின்றது. பக்கத்து வரிசைக்காரிகளும் எக்ஸ்ரே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் இஞ்சினியர் வந்து பார்த்தார். எடுத்துவிடச் சொன்னார். பிளாஸ்டிக் உரசினால் நிலைமின்னேற்றம் வரும், சிப்பு செத்துவிடும், இது தெரியாதா என்று திட்டினார். அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று மாதம் கழித்து எல்லா மேசைக்கும் அலுமினியத்தில் ஒரு சறுக்கி வந்தது. தரைக்கு வயர் இழுத்து, அழகாகச் செய்திருந்தார்கள். தரவட்டப் போட்டியில் அதற்குப் பரிசு. மேடையில் இஞ்சினியர் பெயர். வரிசையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு வெந்நீர் பிளாஸ்க். எங்கள் வீட்டில் அது ரொம்ப நாள் இருந்தது, நான் அதில்தான் பள்ளிக்கு மைலோ கொண்டுபோனேன்.

"அந்த அலுமினியத்தை நான் தீப்பெட்டி வச்சு அளந்து பார்த்தேன்," என்றார் அம்மா. "அதே உயரம்."

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது அந்த இஞ்சினியர் வில்லன். இப்போது நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. அவர் சொன்னது சரி. எக்ஸ்ரே படம் உண்மையில் சிப்பைக் கொல்லும், அதுவும் உடனே கொல்லாமல் வாடிக்கையாளரிடம் போன பிறகு கொல்லும். உலோகமும் தரைவயரும் அவருடைய பங்கு. சாய்வு அம்மாவுடையது. ஒரு தாளில் இரண்டு பெயர் எழுத இடம் இருந்தது. எனக்குக் கோபம் அங்கேதான்.

இப்போது அந்தக் கைதட்டலுக்கு வருகிறேன். பொருத்திக் கொடுத்தார்கள், படைக்கவில்லை என்பது முதலில் தகவலாகவே தவறு. 1990களிலிருந்தே இங்கே சிப்பு வடிவமைப்பு நடக்கிறது. அதை விடுங்கள். பினாங்கின் சொந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது இந்த மாதிரிச் சறுக்கிகளிலிருந்துதான் வந்தது. நம் நாட்டுப் பொருளாதார அறிஞர் ராஜா ராசையா இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1994ல் கேம்பிரிட்ஜ் பொருளாதார ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை, அந்நிய மின்னணு நிறுவனங்கள் உள்ளூர்ப் பட்டறைகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்ததைப் பற்றியது. முதலில் பிடிப்பான், தாங்கி, அச்சு என்று சின்னச் சின்ன உதிரிகள். பிறகு வரைபடம் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். பிறகு வரைபடத்தையே நீ போடு என்றார்கள். கடைசியில் முழு இயந்திரம்.

எங் ஹார்ட்வேர் அப்படி வளர்ந்த ஒரு குடும்பப் பட்டறை. 1970களில் பிடிப்பான்கள் செய்து கொடுக்கத் தொடங்கியது, பின்னால் எங் டெக்னலோஜி என்ற பெயரில் ஹார்ட் டிஸ்க் உள்பாகங்களை உலகத்துக்கே விற்றது. 2000ல் தொடங்கிய விட்ரோக்ஸ் படமெடுத்துச் சிப்பைச் சோதிக்கும் இயந்திரங்களைச் செய்கிறது. அதன் பெரிய வளாகம் பத்து காவானில், என் வீட்டிலிருந்து கால்மணி நேரம். கால் வளைந்திருக்கிறதா, கம்பி சாய்ந்திருக்கிறதா என்று கேமரா பார்க்கும். அம்மாவின் கண் செய்த வேலை.

இந்தப் பட்டறைக்காரர்களில் தமிழர்கள் எத்தனை பேர்? என் வேலையில் நான் சந்திக்கும் சப்ளையர்களை வைத்துச் சொன்னால் மிகக் குறைவு. சோம்பேறித்தனம், குடி, ஒற்றுமையின்மை என்று நம் ஆட்களே பட்டியல் போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு பட்டறைக்கு முதலில் வேண்டியது புத்தி இல்லை, இடம். லேத் இயந்திரத்தைக் கான்கிரீட்டில் முடுக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் சுவரும் தரையும் கம்பெனியுடையது. தாத்தா தோட்டத்து இஞ்சின் வீட்டில் பிட்டருக்கு உதவியாளாக இருந்தார். ஸ்பேனர்கூட மாலையில் திருப்பி எண்ணிக் கொடுக்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும். ஜார்ஜ்டவுன் கடைவீட்டில் முன்னால் சைக்கிள் பழுதுபார்த்து, பின்னால் படுத்துத் தூங்கி, பதினைந்து வருடத்தில் பட்டறை ஆக்கிக்கொள்ளும் வழி லயத்தில் இல்லை.

இடம் இருந்த ஊரில் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கோயம்புத்தூர் இருக்கிறது. 1888ல் அங்கே ஸ்டேன்ஸ் மில் வந்தது. மில்லுக்கு உதிரி வேண்டும், சுற்றியிருந்த விவசாயிகளுக்குக் கிணற்றில் பம்பு வேண்டும். பழுதுபார்க்கும் பட்டறைகள் வந்தன, அவற்றின் பின்னால் விளைநிலமும் அதன் வருமானமும் இருந்தது. 1937ல் அங்கேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். அதில் முக்கியமானவர் ஜி.டி. நாயுடு. நம் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் ஜி.டி. நாயுடு வராத வருடம் இல்லை. அவர் ஓர் அதிசயப் பிறவி என்றே பிள்ளைகள் பேசுகிறார்கள். அதிசயம்தான். ஆனால் அவரைச் சுற்றி ஒரு ஊர் முழுக்கப் பட்டறை இருந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

லயத்தை விட்டு வந்த பிறகுதான் நமக்குச் சொந்தத் தரை கிடைத்தது. சிம்பாங் அம்பாட்டில் தாமான் தாமானாக வீடு வாங்கிய தமிழர்கள் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். இருபதுக்கு எழுபது அடி வீடு. முன்னால் ஒரு கார் நிற்கும் இடம். அந்தக் காங்கிரீட் துண்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் தை மாதம் வாருங்கள். செட்டியார்கள் தங்கள் தண்டாயுதபாணிக்கு வெள்ளி ரதத்தைக் காரைக்குடியில் செய்து 1894ல் கப்பலில் கொண்டுவந்தார்கள். நல்ல வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர்மலைக்கு ஏறும் காவடிகளில் பல இப்போது இங்கேயே, வீட்டு வாசலில் பிறக்கின்றன. பகலில் தொழிற்சாலையில் வெல்டிங், லேசர் வெட்டு, வயரிங் செய்பவர்கள் இரவில் இதைச் செய்கிறார்கள். யாரும் அவர்களைக் கலந்துரையாடலுக்குக் கூப்பிடுவதில்லை.

2025 மார்ச்சில் அரசாங்கம் ஆர்ம் நிறுவனத்தோடு 25 கோடி அமெரிக்க டாலருக்குப் பத்து வருட ஒப்பந்தம் போட்டது. சிப்பு வடிவமைப்பு உரிமங்கள், பத்தாயிரம் இஞ்சினியர்களுக்குப் பயிற்சி. 'செய்தது போதும், இனி படைப்போம்' என்கிற தொனியில் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கும் ஆசைதான், பயிற்சிக்கு விண்ணப்பமும் போட்டிருக்கிறேன். ஆனால் செய்வது கீழே, படைப்பது மேலே என்று ஏணி மாதிரி சொல்லும்போது எனக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

மாமாவின் காவடிக்கு வருகிறேன். விளக்குகளுக்கு நிரல் எழுத இரண்டு ராத்திரி போதுமானதாக இருந்தது. மேசைமேல் வைத்தபோது தோகை அழகாக விரிந்தது. சட்டத்தில் கட்டி, மாமாவின் மகன் உள்ளே போய் நாலு சுற்று ஆடியதும் பாதித் தோகை அணைந்தது. பற்றவைத்தேன். மறுபடி ஆடினான். வேறு பக்கம் அணைந்தது. நாலு நாள் இப்படியே. கம்பி தரமில்லை, பேட்டரி போதவில்லை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். வயர்களைச் சட்டத்தோடு ஒட்டி, இழுத்து, கேபிள் டை போட்டு, கண்காட்சிப் பொருள் மாதிரி கட்டியிருந்தேன்.

அம்மா டீ கொண்டுவந்தவர் நின்று பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அறுந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏன் இப்படி இழுத்துக் கட்டியிருக்க? ஆடுற சாமான் இல்லையா இது? ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்துல கொஞ்சம் வளைச்சு விடு. அசையுறது வளைவுல போயிடும், ஒட்டுக்கு வராது."

அவரே உட்கார்ந்தார். எல்லா டையையும் வெட்டச் சொன்னார். ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் ஒரு சின்ன வளைவு, எல்லாம் ஒரே உயரத்தில். நான் பற்றவைக்க, அவர் வளைத்துக் கொடுத்தார். நூற்றுக்கு மேல் இணைப்புகள். அளவுகோல் எடுக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ரோட்டில் கூட்டத்துக்கு நடுவில் தோகை விரிந்து மூடி விரிந்து போனது. மலையடிவாரம் வரை ஒரு விளக்கும் அணையவில்லை. பந்தல் ஓரத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோது ஜூருவிலிருந்து வந்த ஒருவர் மாமாவிடம், "லைட்டு யாரு போட்டது அண்ணே?" என்று கேட்டார். மாமா என்னைக் காட்டினார். "நம்ம பாப்பா. இஞ்சினியர்."

"புரோகிராம் நான் எழுதினேன்," என்றேன். "வயரிங் அம்மாவோடது. அதனாலதான் நிக்குது."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அடுத்த வருசம் எனக்கும் ஒண்ணு வேணும்க்கா. எவ்வளவு ஆகும்?"

நான் 'அதெல்லாம் ஒண்ணும் வேணாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டு விலை சொன்னார்.